எழுபது வயதுக் கைகளும் ஒரு பழைய வண்டியும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் அம்மா அவர்களே, பழைய வாகன ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கையே கட்டிப்போட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் வயதுத் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டில் இன்றைக்கும் ஒரு வால்வு ரேடியோ பாடுகிறது. நான் போய்க் கேட்டிருக்கிறேன். குமிழைத் திருப்பினால் உடனே பேசாது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேற வேண்டும். அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். முதலில் மெல்லிய ஒரு உறுமல் கேட்கும். அப்புறம் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவது போல ஒரு குரல் வரும். முகப்பில் ‘மேஜிக் ஐ’ என்று ஒரு பச்சைக் கண் இருக்கிறது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண்ணில் இருக்கும் நிழல் சுருங்கிக்கொண்டே வரும். காதால் மட்டுமல்ல, கண்ணாலும் நிலையம் பிடித்த காலம் அது. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், வால்வு போலச் சூடேறத் தேவையில்லாத டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அரை நிமிடக் காத்திருப்பு வீடுகளை விட்டுப் போய்விட்டது. ஐயா வீட்டில் மட்டும் போகவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு பெரிய கைதட்டல் தர வேண்டும்.

வரவேற்புரை வழங்கிய அம்மையாரையும் நான் சொல்லியாக வேண்டும். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். காதில் ஒரு கருவி, கையில் இணைப்புக் கயிறு, எதிரே துளை துளையாக ஒரு பலகை. தானாக இணைக்கும் இயந்திரத்துக்கு ஆல்மன் ஸ்ட்ரௌஜர் 1891-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், இரண்டு குரல்களைச் சேர்த்து வைக்க மூன்றாவதாக ஒரு மனுஷி தேவைப்பட்டாள். எந்தத் துளையில் எந்தக் கயிறு என்று அம்மையார் பார்க்கவே மாட்டாராம். கை தானாகப் போகுமாம். சற்று முன் மேடையில் அதைச் சொன்னபோது அவருடைய வலது கை தானாகவே அசைந்ததை நான் கவனித்தேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். என் அப்பா அடிக்கடி சொன்ன பழமொழி இது. எனக்கு எழுபது வயதாகிறது. இந்த ஒரு பழமொழியை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

இன்று மூன்று செய்திகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, வயதாவது. இரண்டு, பழைய கருவிகளும் பழைய வண்டிகளும். மூன்று, பழைய வண்டி விடுகிற புகையைப் பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுத்த கேள்வி. வரிசையாகவே போகிறேன்.

வயதாகும்போது காது எப்படிப் போகிறது தெரியுமா? எல்லா ஒலியும் ஒரே மாதிரி மங்குவதில்லை. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சிலே ‘ச’, ‘ஃப’ போன்ற எழுத்துகள் நழுவும். பேரக் குழந்தை சொல்வது பாதிதான் புரியும். ஆனால் அடித்தொண்டை ஒலி, முரசின் அதிர்வு, எஞ்சினின் தடதடப்பு, இவையெல்லாம் நெடுநாள் கூடவே வரும். கண்ணும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பது மங்கினாலும், தூரத்தில் வருகிறவரை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். போவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் முதுமை ஒரு இழப்புக் கணக்காகத்தான் தெரியும். என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கியது. காலையில் அதை எடுப்பதே ஒரு சடங்கு. பெட்ரோல் குழாயைத் திறப்பார். சோக்கை இழுப்பார். சாவி போடாமல் இரண்டு முறை மெதுவாக மிதிப்பார். அப்புறம் சாவியைத் திருப்பிவிட்டு ஒரே மிதி. அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்துக்கொள்வேன். அப்பா போன பிறகு வண்டி தார்ப்பாயின் கீழே ரொம்ப காலம் கிடந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம் அந்தத் தார்ப்பாயை விலக்கியதுதான்.

துடைத்து, எண்ணெய் மாற்றி, புது டயர் போட்டு, எடுத்தும் விட்டேன். ஓடியது. பத்து நிமிடம் ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது. எத்தனை மிதி மிதித்தாலும் உயிர் இல்லை. வெயிலில் ஓரமாக உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்துச் சும்மா ஒரு மிதி மிதித்தேன், பிடித்துக்கொண்டது. மறுபடி பத்து நிமிடம். மறுபடி நின்றது. இப்படியே ஒரு மாதம்.

மூன்று இடங்களில் காட்டினேன். ஓரிடத்தில் பிளக் மாற்றினார்கள். இன்னோரிடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பையன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். கணினியை இணைக்க எங்கே துளை என்று தேடினான். இல்லை என்றதும், “சார், எடைக்குப் போட்டுடுங்க” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம், சொல்லித்தராமல் விட்ட நம்மேல்தான்.

அப்புறம்தான் யாரோ சொல்லி அந்தப் பெரியவரிடம் போனேன். எண்பது தாண்டியவர். தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

“நிக்கிறப்போ இருமி இருமி நிக்குதா, பட்டுன்னு நிக்குதா தம்பி?”

“பட்டுன்னு நிக்குதுங்க ஐயா.”

“அப்ப பெட்ரோல் இல்ல. கரண்ட்டு.”

மூன்று இடத்தில் ஒரு மாதம் தேடியதில் பாதியை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி தடுமாறி, மூச்சு வாங்கி, இழுத்து நிற்கும். பொறி வராமல் நிற்கிற வண்டி சுவிட்சை அணைத்தது போல நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

“மறுபடி எடுக்க எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம்.”

“சூடு ஆறுற நேரம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், “இன்னைக்கு ராத்திரி வா. வர்றப்போ நல்லா ஓட்டி, நின்ன பிறகு தள்ளிக்கிட்டு வா. வெளக்கு இல்லாத எடமா நிறுத்து” என்றார்.

போனேன். இருட்டில் நிறுத்தினேன். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பாயிண்ட் இருக்கும். இரண்டு சின்ன முனைகள்; எஞ்சின் சுற்றச் சுற்ற ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். பிளக்கையும் கழற்றி, வயரோடு எஞ்சின் தலைமேல் வைக்கச் சொன்னார். “இப்ப மிதி. பாயிண்ட்டுக்கு நடுவுல பொறி பறக்குதா பாரு.”

மிதித்தேன். “பறக்குதுங்க ஐயா. நல்லா பெருசா பறக்குது.”

“என்ன நெறம்?”

“மஞ்சள்.”

“பிளக்குல?”

குனிந்து பார்த்தேன். “அதுல சும்மா நூல் மாதிரி, செவப்பா…”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன். “பாயிண்ட்டுல பறக்கக் கூடாது தம்பி. பிளக்குலதான் பறக்கணும். கண்டன்சர் போச்சு.”

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பாயிண்ட் விலகும் நொடியில் காயில் என்ற கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் காயிலின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பாயும். அறுபடும் மின்சாரம் பாயிண்ட்டுக்கு இடையே தாவிவிடாமல் உள்வாங்கிக்கொள்ளும் சின்ன உருளைதான் கண்டன்சர். கட்டைவிரல் அளவுகூட இல்லை. குளிராக இருக்கும்போது நன்றாக இருந்துவிட்டு, சூடேறியதும் கைவிடுவது அதன் வழக்கமான வியாதி. இந்த முழு ஏற்பாட்டையும் நூறு ஆண்டுக்கு முன்பே வகுத்துக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் அவரால்தான்.

பெரியவர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே தாளில் சுற்றி ஒரு கண்டன்சர். எத்தனை வருடமாகச் சுற்றி வைத்திருந்தாரோ தெரியாது. நான் டார்ச் அடித்தேன். “எனக்கெதுக்கு டார்ச்சு? நீ உன் கால்கிட்ட அடிச்சுக்க, ஸ்க்ரூ விழுந்தா தேடணும்” என்றார். பத்து விரலும் கண்ணாக வேலை செய்தன. பழையதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார். பாயிண்ட் முனைகளை உப்புத்தாளால் இரண்டே தேய்ப்பு. இடைவெளி வைக்க அளவுத் தகடு கேட்கவில்லை. ஒரு கெட்டி அட்டையைக் கிழித்து நடுவே விட்டு, இழுத்துப் பார்த்தார். அட்டை லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம். மறுநாள் நான் தகடு வாங்கி அளந்து பார்த்தேன். 0.4 மில்லிமீட்டர். புத்தகத்தில் போட்டிருக்கும் அதே அளவு.

மூன்றாவது மிதியில் பிடித்தது. அப்பா காலத்துச் சத்தம்.

அதோடு விடவில்லை அவர். நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின் தலைமேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பேச்சு சரியாகக் கேட்காத காது அது. நான் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காது சொன்னது: “எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பெட் கொஞ்சம் லூஸு.” டேப்பெட் என்பது எஞ்சினின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். பார்த்தோம். லூஸாகத்தான் இருந்தது.

சித்திரமும் கைப்பழக்கம். அன்று இரவு அந்தப் பழமொழி என் கண் முன்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ திருகியது.

“இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா ஐயா?” என்று கேட்டேன். “எழுதுறதா? கையே எழுதி வச்சிருக்கு தம்பி” என்றார். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். பாதி நோட்டு நிறைந்தது. அப்புறம் ஒரு நாள் அவர் மகள் போன் செய்தார். அவ்வளவுதான்.

அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அவர் டீசல் பம்ப் பிரித்தவர். லேத் ஓட்டியவர். கிணற்றடி ஆயில் எஞ்சின்களை மாட்டி இறக்கியவர். நான் கேட்டதெல்லாம் என் ஒரு வண்டியைப் பற்றி மட்டும். மற்றது எதுவும் அந்த நோட்டில் இல்லை. வேறெங்கும் இல்லை.

இது ஏதோ ஒரு மெக்கானிக்கின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வாயேஜர் 1 விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 செப்டம்பர் 5-ல் ஏவியது. 2023 நவம்பரில் அது அனுப்பும் செய்தி புரியாத குழப்பமாகிவிட்டது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். கையில் தொட்டுப் பார்க்க முடியாது. நாசா பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? அதை வடிவமைத்தவர்கள் பல பத்தாண்டுக்கு முன் எழுதி வைத்த ஆவணங்களைப் பிரித்துப் படித்தார்கள். நினைவகத்தில் ஒரு சில்லு பழுது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை மொத்தமாக வைக்க வேறெங்கும் இடமில்லாததால், துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடங்களில் பொருத்தினார்கள். 2024 ஏப்ரல் 20-ல் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. நாற்பத்தாறு வயது இயந்திரம் அது. யாரோ பொறுமையாக எழுதி வைத்திருந்ததால் பிழைத்தது.

அதே நாசாவில் எதிர்மாறாகவும் நடந்தது. 1969-ல் நிலவிலிருந்து வந்த முதல் ஒளிபரப்பைத் துல்லியமாகப் பதிவு செய்த மூல நாடாக்களை வெகுநாள் தேடினார்கள். அவை அழிக்கப்பட்டு, மறுபயன்பாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009-ல் வந்தார்கள். நிலவுக்குப் போன கூட்டத்துக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டு அலமாரி எம்மாத்திரம்?

பழைய வண்டிகளைக் காப்பதற்கென்றே 1966-ல் தொடங்கிய ‘ஃபீவா’ என்ற உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. குறைந்தது முப்பது வயதான, மூல நிலையில் பராமரிக்கப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாத வண்டியைத்தான் அவர்கள் வரலாற்று வாகனம் என்கிறார்கள். அவர்கள் செய்யும் பணிக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஓடாத வண்டிக்கு மெழுகு பூசத்தான் ஆள் கிடைப்பான். டேப்பெட் சத்தம் கேட்கத் தெரிந்தவன் உருவாக மாட்டான். இங்கே சங்கத்தின் செயலாளர் அவர்கள் தன் வண்டியில் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறார். அதுதான் சரி என்பது என் கட்சி.

பழுது பார்ப்பது காரோடு கூடப் பிறந்தது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886-ல். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அறைந்தார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் ஓட்டுநரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். அந்த உரிமையை இன்று நம்மிடமிருந்து மெல்ல மெல்லப் பிடுங்குகிறார்கள். மூடியைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். உதிரி பாகம் தர மாட்டோம் என்கிறார்கள். கையேடு கேட்டால் ரகசியம் என்கிறார்கள்.

இதற்கு எதிராக எழுந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களைப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. நெதர்லாந்தில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கூடத்தில் மேசை போட்டு, உடைந்ததைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து சரி செய்வோம் என்று அழைத்தார். அதுதான் ‘ரிப்பேர் கஃபே’. இன்று பல நாடுகளில் பரவிவிட்டது. அங்கே மேசையில் பழுது பார்க்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள்தான்.

முதல்வர் அம்மா அவர்களிடம் நான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வைத்துவிட்டேன் என்றே சொல்லலாம், ஏனென்றால் மேடைக்கு வரும்போதே காதில் போட்டேன், அவர் தலையசைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு நிலையத்தின் பட்டறையைத் திறந்து வையுங்கள். ஒரு பெரியவர், ஒரு மாணவர், ஓடாத ஒரு பொருள், ஒரு நோட்டு. அது தையல் இயந்திரமாக இருக்கட்டும், தட்டச்சுப் பொறியாக இருக்கட்டும், கேசட் பிளேயராக இருக்கட்டும். பெரியவர் செய்யட்டும். மாணவர் எழுதட்டும், படம் பிடிக்கட்டும், அப்புறம் பிரித்து அவரே ஒரு தடவை பூட்டிப் பார்க்கட்டும். எழுதியது மட்டும் போதாது. சித்திரமும் கைப்பழக்கம்தான்.

முன்வரிசையில் இருக்கும் என் தோழர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பரணில் பழைய கையேடு கிடந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும், ஓரம் கிழிந்திருந்தாலும் கொண்டுவந்து நூலகத்தில் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் கறை அதிகம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அடிக்கடி தேவைப்பட்டது என்று பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்வான்.

புகையைப் பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுத்த கேள்வி என் சட்டைப் பையில் இருக்கிறது. நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. தலைவர் ஐயா இன்னும் இரண்டு நிமிடம் என்று சைகை காட்டுகிறார். அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொள்வது முறையல்ல. கேள்வியை எழுதியவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இன்று நான் அப்பாவின் வண்டியில்தான் வந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அந்தப் பெரியவர் கையால் பூட்டிய கண்டன்சர்தான் இன்னமும் உள்ளே இருக்கிறது. நோட்டும் வண்டிப் பெட்டிக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், படியெடுத்துக்கொள்ளலாம். திருப்புளியும் கொண்டுவந்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்டுப் பார்க்க விருப்பமுள்ள பிள்ளைகள் கையைத் தூக்குங்கள். சோக்கை நான் இழுத்துப் பிடிக்கிறேன், மிதிப்பது உங்கள் வேலை.

நன்றி, வணக்கம்.